சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் விடும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சதுப்புநிலங்கள் வாடாமலிருக்க, இயற்கைக்கென ஒதுக்கிய நீரைத் திறந்துவிடுகிறார்கள். இந்த நீரைக் கணக்கிடும் 'நீர் ஆண்டு' ஜூலை 1-இல் தொடங்குகிறது. எந்தச் சதுப்புநிலத்துக்கு எப்போது, எவ்வளவு என்ற பருவகாலத் திட்டம் அதற்குள் வெளியாக வேண்டும். ஆகவே ஊர்க்காரர்களிடம் வரைவு தயாரான பிறகு போவது வீண். கோடையிலேயே (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) போங்கள், வறட்சி, குறைமழை, சராசரி, அதிமழை என நாலு நிலைமைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முர்ரே ஆற்றங்கரையின் பார்மா காட்டை எடுத்துக்கொள்வோம். யோர்ட்டா யோர்ட்டா பூர்வகுடிகளுக்கு இது மூதாதையர் நிலம். அவர்களைப் 'பங்கேற்பாளர் பட்டியலில்' பத்தோடு பதினொன்றாகச் சேர்ப்பது மரியாதையல்ல. தேனீ வளர்ப்போருக்குப் பெட்டிகளை எடுக்க முன்னறிவிப்பு வேண்டும். தண்ணீர் தனியார் வயலைத் தொடுமானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மதகைத் திறக்கவே கூடாது.

பெரிய சண்டை கருநீரால் வரும். பல ஆண்டு சேர்ந்த யூகலிப்டஸ் இலைச்சருகு வெதுவெதுப்பான நீரில் ஊறினால், பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும். குளிர்காலக் கடைசியில் (அங்கே ஆகஸ்ட் வாக்கில்) விட்டால் ஆபத்து குறைவு. சருகு எங்கே தடிமனாகக் கிடக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று: அரிவாள்மூக்கன்கள் கூடு கட்டியபின் நீர்மட்டம் சட்டென இறங்கினால், குஞ்சுகளை விட்டுப் பறந்துவிடும். குஞ்சு பறக்கும்வரைக்கான நீரை முதலிலேயே ஒதுக்கி, "மதகை ஏன் இன்னும் மூடவில்லை?" என்று கேட்கப்போகும் பாசன விவசாயிகளிடம் அதை அப்போதே சொல்லிவிடுங்கள்.