அட்லாண்டிக் சிட்டி: சூதாட்ட விடுதிகளுக்குப் பின்னால் இருக்கும் ஊர்

அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்து, நியூ ஜெர்சியின் கடலோர ஊரான அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் எக்ஸ்பிரஸ்வேயில், காபி குடிக்க எல்லோரும் வண்டியை நிறுத்தும் இடத்துக்கு ஃபார்லி பிளாசா என்று பெயர். ஃபிராங்க் ஃபார்லி நியூ ஜெர்சியின் மாநில செனட்டர், குடியரசுக் கட்சிக்காரர். 1971-இல் தோற்கும்வரை முப்பது வருஷம் அந்த ஊர் அவர் கையில்தான் இருந்தது.

அவருக்கு முன்னால் ஆட்டிப்படைத்தவர் நக்கி ஜான்சன். பதவி என்னவோ கவுன்டியின், அதாவது நம் மாவட்டம் மாதிரியான ஒரு பகுதியின், பொருளாளர்தான். ஆனால் யாருக்கு வேலை, யாருக்குக் கான்ட்ராக்ட் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தபோதும் இங்கே சாராயம் தாராளமாக ஓடியது. 1941-இல் வருமான வரி வழக்கில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

இவர்களுடைய பலமெல்லாம் ஓட்டுதான். ஓட்டல் வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கருப்பின மக்கள். கோடை முடிந்தால் வேலை கிடையாது. குளிருக்குக் கரியும் சாப்பாட்டுச் சாமானும் கட்சி ஆட்கள் கொடுப்பார்கள், தேர்தலன்று ஓட்டு அவர்களுக்கு. அதே மக்கள் கடலில் குளிக்க வேண்டுமென்றால் மிசௌரி அவென்யூ கடற்கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. குடியிருப்பும் தனியாக நார்த்சைடு என்ற பகுதியில்.

அந்தக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே, கடலோரப் பலகை நடைபாதையை ஒட்டி இருக்கிறது போர்டுவாக் ஹால் என்ற பெரிய மாநாட்டு மண்டபம். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். காலடியில் மீன்முள் மாதிரி சாய்த்து அடித்த பலகைகள். கூடை நாற்காலியில் இரண்டு பேரை உட்காரவைத்து ஒருவர் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு போனார். 1964 ஆகஸ்டில் ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கும் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது இந்தக் கட்டடத்தில்தான். மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர்கள் மட்டுமே பிரதிநிதிகளாக வந்திருந்ததை எதிர்த்து, பருத்திக்காட்டில் குத்தகைக்கு உழைத்த ஃபேனி லூ ஹேமர் மாநாட்டுக் குழு முன் சாட்சி சொன்னார். ஓட்டுரிமைக்காக நின்றதற்குச் சிறையில் தன்னை எப்படி அடித்தார்கள் என்று விவரித்து, இதுதான் அமெரிக்காவா என்று கேட்டார். டிவி கேமராக்களை அந்தப் பக்கத்திலிருந்து திருப்ப ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவசரமாக ஒரு பேட்டியைக் கூட்டினார். ஆனால் அன்று இரவே சேனல்கள் ஹேமரின் பேச்சைப் போட்டுவிட்டன. சமாதானமாகப் பிரதிநிதிகளில் இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள் கட்சிக்காரர்கள், ஹேமரும் தோழர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பெரிய விஷயம் நடந்த இடத்தை ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அந்த மாநாட்டின்போது பழைய ஓட்டல்களின் பாழான நிலையையும் நாடே பார்த்துவிட்டது. சூதாட்டம் வந்தால் ஊர் பிழைக்கும் என்றார்கள். 1974-இல் மக்கள் ஓட்டெடுப்பில் தோற்றது, 1976-இல் ஜெயித்தது. அட்லாண்டிக் சிட்டிக்கு மட்டும்தான் அனுமதி, முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அதன் வரிப்பணம் என்று வாக்குறுதி. 1978 மே மாதம் முதல் கேசினோ திறந்தது. அதற்குப் பிறகு வந்த மேயர்களில் மைக்கேல் மேத்யூஸ் லஞ்ச வழக்கில் ஜெயிலுக்குப் போனார். 2014-இல் ஒரே வருஷத்தில் நான்கு கேசினோக்கள் மூடின. அதில் ஒன்று ஹாலுக்கு ஒட்டினாற்போல் இருந்த டிரம்ப் பிளாசா, 2021-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2016-இல் ஊர் நிர்வாகத்தையே மாநில அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

1970-இல் கிட்டத்தட்ட 48,000 பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 38,500-ஐத் தாண்டவில்லை. கேசினோக்களில் கோடிக்கணக்கில் பணம் புரண்ட ஊரில், பல வருஷமாக ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கிடையாது. கார் இல்லாத குடும்பங்கள் காய்கறி வாங்கப் பஸ் பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போகின்றன. 1976-இல் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.