கேற் வேலை: பெயின்றுக்குக் கீழே இருக்கும் உப்பு

கடல் பக்கம் பார்த்த கேற்றில் பெயின்ற் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது உப்புக் காற்று. சரிதான். ஆனால் பழைய உப்பு பெயின்றுக்கு அடியிலேயே இருந்தால், மேலே எத்தனை பூச்சுப் பூசி என்ன? யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டு இரும்புக் கேற்றைச் சுரண்டத் தொடங்கியபோது நான் பார்க்க நினைத்தது இதைத்தான்.

முதல் வேலை எண்ணெய்ப் பசை. பிணைச்சல்களில் கிறீஸ் இருந்தது. அதைத் தின்னர் துணியால் துடைத்த பிறகுதான் வயர் பிரஷ்ஷைத் தொட்டேன். முறை மாறினால் பிரஷ்ஷே கிறீஸைக் கேற் முழுக்கப் பூசிவிடும். தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: முத்து முத்தாகத் திரண்டால் பசை போகவில்லை, பரவி நின்றால் போய்விட்டது.

பெரிய தாங்கி, பாலம் போன்ற வேலைகளில் துகள் ஊதித் துருவை எடுப்பார்கள். இரும்புப் பரப்பு எவ்வளவு சுத்தம் என்று படி பிரிக்கும் ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில், அப்படி ஊதி எட்டும் 'எஸ்ஏ 2½' என்பது கிட்டத்தட்ட வெள்ளை இரும்பு, அதாவது துரு ஏறக்குறைய முழுதும் போன இரும்பு. கைக் கருவியாலும் கிரைண்டராலும் எட்டக்கூடியது 'எஸ்டி 2', 'எஸ்டி 3'. கடற்கரை மணலைக் கம்பிரசரில் போட்டு அடிப்போமா என்று நண்பன் கேட்டான். உப்பையே திரும்ப அடிப்பதாகிவிடும். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுப்பது வேறு. வேண்டாம் என்றுவிட்டேன்.

சுரண்டி முடிந்ததும் இரும்பு பளபளத்தது. அதை நம்பக்கூடாது. துரு தின்ற குழிகளுக்குள் குளோரைட்டு, அதாவது கடல் உப்பின் கூறு, ஒளிந்திருக்கும். பிரஷ் அங்கே இறங்காது, மேலே மெருகேற்றிவிட்டுப் போய்விடும். பூச்சின் மேல் விழும் நீரை அந்த உப்பு உள்ளே இழுக்கும், கொப்புளம் வரும், பிறகு பொருக்காகக் கழரும்.

இதைப் பார்க்க உயர்தர வகுப்பு இரசாயனம் போதும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் கொஞ்சம் கிடைத்தது. கேற்றின் அடிச்சட்டத்தைப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, பிழிந்த நீரில் ஒரு துளி ஐதான நைத்திரிக் அமிலம், பிறகு வெள்ளி நைத்திரேற்று. பால் போல வெளுத்தது, குளோரைட்டு இருக்கிறது என்று அர்த்தம். அமிலம் ஏன் என்றால், காபனேற்று இருந்தாலும் வீழ்படிவு வரும். நம் சுண்ணக்கல் நிலத்தில் அதற்குக் குறைவில்லை. (கையில் பட்டால் தோல் கறுத்துப்போகும், கையுறை போடுங்கள்.)

அதே சோதனையை எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் செய்தேன். அதுவும் நன்றாகவே வெளுத்தது! உவர்க் கிணற்று நீரால் கேற்றைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் தாங்கியில் இருந்தது. அது தெளிவாகவே நின்றது. அதைக் கொண்டு வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "உதென்ன தம்பி, கேற்றைக் குளிப்பாட்டுறியள்?" என்று பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் கேட்டார். பெயின்ற் அடிக்க முதல் முழுக்கு என்றேன்.

கழுவிய இரும்பில் காய்ந்தவுடனேயே மெல்லிய செந்நிறம் ஏறும். அதை அரத்தாளால் எடுத்து, தூசியைத் துடைத்து, அன்றே பிறைமர் (அடிப்பூச்சு) பூச வேண்டும். இரவு தாண்டக்கூடாது. ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் போனாலோ, இரும்பின் வெப்பநிலை பனிபடு நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகை செல்சியசாவது கூட இல்லாவிட்டாலோ பூசக்கூடாது என்பது பொது விதி. விடியற்காலை இரும்பு குளிர்ந்து வேர்த்திருக்கும், அதனால் வெயில் ஏறும்வரை காத்திருந்தேன்.

இப்போது இடது கதவுக்கு சிங்க் பொசுபேற்று பிறைமர் ஏறிவிட்டது. விளிம்புகளுக்கும் வெல்டிங் மூட்டுகளுக்கும் முதலில் தூரிகையால் ஒரு தனிப் பூச்சு. கூர்மையான இடத்தில் பெயின்ற் மெலிந்து விலகிவிடும், துரு தொடங்குவதும் அங்கேதான். வலது கதவின் அடிச்சட்டத்தை ஒற்றிய நீர் சோதனையில் இன்னும் வெளுக்கிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்துவிட்டால் பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையிலும் உப்புப் படியும், ஆகவே ஒவ்வொரு பூச்சுக்கு முன்பும் மழைத் தண்ணீர்த் துணியால் ஒரு துடைப்பு. தாங்கியில் அதற்கு மட்டும் தண்ணீர் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.