பெருங்காய டப்பாவும் பாப்பாவோட ஏழாவது பர்த்டேயும்

மைதா இல்லாத கேக் இருக்கான்னு நம்ம வியாசர்பாடி பக்கம் எந்த பேக்கரில கேட்டாலும் "இருக்குக்கா, கோதுமை கேக் தரேன்"னுதான் சொல்றாங்க. மைதாவும் கோதுமைதாம்பான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். ஒரு கடைல ராகி கேக்னு தூக்கிக் குடுத்தாங்க, ஸ்டிக்கர திருப்பிப் பாத்தா முதல்ல நிக்கறதே மைதா, ராகி எங்கியோ நாலாவதா இருக்கு. அன்னிக்குதான் முடிவு பண்ணேன், பாப்பா பர்த்டேக்கு கேக்குலேந்து கொறிக்கற ஐட்டம் வரைக்கும் எல்லாமே வீட்லதான்னு.

முன்கதைய சட்டுன்னு சொல்லிடறேன். பாப்பாக்கு அஞ்சரை வயசுல சீலியாக்னு கண்டுபிடிச்சாங்க. வயிறு மட்டும் உப்பிக்கிட்டு இருக்கும், வெயிட் ஏறாது, எவ்ளோ இரும்பு டானிக் குடுத்தாலும் ரத்தம் ஊறல. டிடிஜின்னு ஒரு ரத்த டெஸ்ட், அப்புறம் என்டோஸ்கோபில சிறுகுடல்லேந்து துளி சதை எடுத்து பயாப்ஸி. எல்லாம் முடியற வரைக்கும் சப்பாத்திய நிறுத்தாதீங்க, நிறுத்தினா டெஸ்ட்ல தெரியாம போயிடும்னு டாக்டர் சொன்னார், இத முக்கியமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் தானா நிறுத்திட்டு அப்புறம்தான் டெஸ்டுக்கே போறாங்க. இது அலர்ஜி இல்லியாம், கோதுமை பார்லி ரை இதுல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா உடம்பே தன் குடல அடிச்சுக்குமாம், அதனால ஆயுசுக்கும் தொடக்கூடாது.

"நமக்கு இன்னாமா, இட்லி தோசை சோறுதானே, சப்பாத்திய உட்டா ஆச்சு"ன்னாங்க மாமியார். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆறு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுத்தா நம்பர் இறங்கவே இல்ல. வெயிட்டிங் ஹால்ல பக்கத்துல உக்காந்திருந்த சவுகார்பேட்டை மார்வாடி அக்கா, அவங்க பையனுக்கும் இதே, என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "சாம்பார்ல பெருங்காயம் போடறீங்களா?" வீட்டுக்கு வந்து டப்பாவ திருப்பிப் பாத்தேன். கோதுமை மாவுன்னு போட்டிருக்கு. கடைல கிடைக்கற கூட்டுப் பெருங்காயம் முக்காவாசி மாவும் பிசினும்தான், சிலது அரிசி மாவுல வருது, அதத் தேடி வாங்கணும். சாம்பார், ரசம், ஊறுகா, முறுக்கு, தட்டைன்னு ஆறு மாசமா பாப்பாக்கு நானே போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இப்ப பர்த்டேக்கு வரேன். மொட்டமாடில இருவத்திரெண்டு பசங்க. பாப்பாக்கு மட்டும் தனி தட்டு வெக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு, நான் ஒத்துக்கல. பசங்க கைய ஒருத்தர் தட்டுல ஒருத்தர் விடுவாங்க, யாரு எத யாருக்கு ஊட்டுவாங்கன்னு நின்னு பாக்க முடியாது. அதனால எல்லாருக்குமே ஒரே சாப்பாடு, கோதுமை வாசனையே மாடிக்கு ஏறக்கூடாது. க்ளே வெச்சு ஒரு கேம் நெனச்சிருந்தேன், அதயும் விட்டுட்டேன், சில க்ளேல கோதுமை மாவு இருக்கு.

கேக் மூணு தடவை சொதப்புச்சு. மில்லுல அரைக்கலாம்னா, எனக்கு முன்னாடி யாராவது கோதுமை போட்டிருந்தா அந்த மாவு மிஷின்லயே நிக்கும். அதனால பச்சரிசிய ஊறவெச்சு, நிழல்ல துணில பரப்பி, ஈரம் லேசா இருக்கறப்பவே மிக்ஸில அரைச்சு சலிச்சேன், அதிரசத்துக்கு அரைக்கற மாதிரி. மொத தடவை கேக் புட்டு மாதிரி உதிர்ந்துச்சு, "இத தேங்கா போட்டு புட்டுன்னே குடுத்துடேன்"னு மாமியார் சிரிச்சாங்க. ரெண்டாவது செங்கல். மூணாவது நடுவுல குழி. க்ளூட்டன்தான் கேக்க இழுத்துப் புடிக்கறது, அது இல்லன்னா வேற ஏதாவது புடிக்கணும்னு அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. கடைசில ஒரு கப் அரிசி மாவு, கால் கப் பொட்டுக்கடலை மாவு, நல்லா கனிஞ்ச வாழைப்பழம் ரெண்டு, முட்டை மூணு, ஒரு ஸ்பூன் இசப்கோல் போட்டேன். மலச்சிக்கலுக்கு சாப்பிடுவாங்களே அதேதான், சிரிக்காதீங்க. சக்கரை எண்ணெய் பேக்கிங் பவுடர்லாம் எப்பவும் போல, பேக்கிங் பவுடர் டப்பாவ மட்டும் ஒருக்கா படிச்சுக்கோங்க. கலக்கி இருவது நிமிஷம் அப்படியே விட்டா அரிசி தண்ணிய குடிச்சு நறநறப்பு போயிடுது. குக்கர்ல அடில உப்பு பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு சிம்ல முக்கா மணி நேரம்.

காரத்துக்கு சவுகார்பேட்டை முறுக்கு சாண்ட்விச். மின்ட் ஸ்ட்ரீட்ல சாப்பிட்டிருப்பீங்க, ரொட்டிக்கு பதிலா ரெண்டு முறுக்கு, நடுவுல வெள்ளரி தக்காளி பச்சை சட்னி. முறுக்கு மட்டும் நாமளே பெருங்காயம் போடாம சீரகம் எள்ளு போட்டு புது எண்ணெய்ல சுட்டா முடிஞ்சது. சமோசா சுட்ட எண்ணெய்ல சுட்டா எல்லாம் வேஸ்ட்.

அப்புறம் அத்தோ, பர்மாக்காரங்க கையால பெசஞ்சு தர்ற நூடுல்ஸ். வீட்டுக்காரரோட பாட்டி 1960கள்ல பர்மாவுலேந்து வந்தவங்க, இந்த வீட்ல அத்தோ இல்லாம விசேஷமே கிடையாது, ஆனா ரோட்டுக் கடைல போடற அந்த மஞ்ச நூடுல்ஸ் கோதுமை. பர்மாவுல மொகிங்காவுக்கு, அதான் அந்த மீன் சூப்புக்கு, அரிசி நூடுல்ஸ்தானேன்னு மாமியாரே ஞாபகப்படுத்தி, இடியாப்பத்த கொஞ்சம் தடிமனா புழிஞ்சு ஆறவெச்சாங்க. கோஸு, வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணி, பொட்டுக்கடலை மாவு போட்டு கையாலயே பெசஞ்சாங்க. பசங்கள விட அப்பா அம்மாங்கதான் ரெண்டு ரவுண்டு வாங்கித் தின்னாங்க. ஐஸ்கிரீம் கப் மட்டும், கோன் கிடையாது. ரிட்டர்ன் கிஃப்ட் கடலை மிட்டாய்.

க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்ட பாக்கெட்டும் கிடைக்குது, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் சாப்பாட்டு பாதுகாப்ப பாக்கற அரசு அமைப்பு, ரூல் போட்டிருக்கு, ஆனா இருவத்திரெண்டு பசங்களுக்கு அத வாங்கினா ஒரு மாச வாடகை போயிடும்.

எல்லாம் நல்லா போயிட்டிருந்தப்ப எதிர்வீட்டு ஆயா ஒரு தூக்கு நெறைய ரவா கேசரி எடுத்துக்கிட்டு மாடி ஏறிட்டாங்க. மூட்டு வலியோட, மூணு மாடி. "கொயந்தைக்கு ஒரு வாய் குடுத்தா இன்னா ஆயிடப் போவுது"ன்னு ஸ்பூனோட வந்துட்டாங்க. நான் ஓடறதுக்குள்ள பாப்பாவே "ஆயா, ரவை கோதுமைல பண்றதா?"ன்னு கேட்டுச்சு. ஆயா முகம் சுருங்கிடுச்சு. தூக்க மூடிட்டு கீழ போயிட்டாங்க. ரெண்டு வாரம் என்கிட்ட பேசல.

போன வெள்ளிக்கிழமை அதே தூக்கு, அதே ஆயா. "அவல் கேசரிடி. அவலு, சக்கர, நெய்யி, முந்திரி. பெருங்காயம் போடல"ன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஆனாலும் வாய் சும்மா இருக்கல, "ஆயா, இது ரவை வறுக்கற வடசட்டியா?"ன்னு கேட்டுட்டேன்.

"போடி இவளே, புளி போட்டு தேச்சுக் கழுவிட்டுதான் வச்சேன்."