கொழுப்பா, ரத்தமா?

பதினோரு வருடமாக எம்.ஆர்.ஐ. கன்சோலில் உட்காருகிறேன். முதுகு ஸ்கேனில் கொழுப்பு எங்களுக்கு இடைஞ்சல். பளிச்சென்று வெள்ளையாக வந்து, பக்கத்தில் இருக்கும் வீக்கத்தை மறைத்துவிடும். அதனால் தினமும் அதன் வெள்ளையை அமுக்கிக் கறுப்பாக்கித்தான் படம் எடுப்போம். அந்தக் கொழுப்பையே உற்றுப் பார்க்க வேண்டியிருந்த ஒரு நாள் இன்னும் மனசில் நிற்கிறது.

நாற்பதைத் தாண்டிய ஓர் அக்கா. ஆறு மாதமாக இரண்டு காலும் கனக்கிறதாம். செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லையாம். கையில் வேறொரு இடத்தில் எடுத்த இடுப்பு ஸ்கேன், எல்லாம் நார்மல். "கால்தானே தம்பி வரல, நெஞ்சுக்கு ஏன் எடுக்கிறீங்க?" என்றார். தண்டுவடம் இடுப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் நரம்புகள் அதற்கு மேலே எங்கே நசுங்கினாலும் கால்தான் தளரும் என்று சொல்லிப் படுக்க வைத்தேன்.

டி1 என்ற வகைப் படத்தில், நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது எலும்பிலிருந்து ஏழாவது வரை, தண்டுவடத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு வெள்ளை. தண்டுவடம் முன்பக்கம் ஒதுங்கி நசுங்கியிருந்தது. டி1-இல் கொழுப்பும் வெள்ளை, சில நாள் ஆன ரத்தக்கட்டும் வெள்ளை. கொழுப்பை அமுக்கும் ஒரு முறையான ஸ்டிர் படத்தில் அது கறுத்திருந்தது. சரி, கொழுப்புதான் என்று முடித்திருக்கலாம். ஆனால் ஸ்டிர் கொழுப்பைப் போல டி1 நேரம் (காந்தத் தூண்டலுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) குறைந்த எதையும் அமுக்கும், அந்த ரத்தத்தையும் சேர்த்து. கொழுப்பை அதன் அதிர்வெண்ணை வைத்துப் பிரித்து அமுக்கும் ஃபேட் சாட் முறைதான் இதற்குச் சரி, 1.5 டெஸ்லா காந்தத்தில் தண்ணீருக்கும் கொழுப்புக்கும் சுமார் 220 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனால் நுரையீரல் காற்றால் நெஞ்சில் காந்தப்புலம் சீராக இராது, அங்கே ஃபேட் சாட் எளிதில் தவறிவிடும். இரண்டு முறை ஷிம் செய்த (புலத்தைச் சீராக்கிய) பிறகுதான் படம் சுத்தமாக வந்தது. அவ்வளவு நேரமும் அந்த அக்கா வலியோடு அசையாமல் படுத்திருந்தார்.

வெள்ளை கறுத்தது, அப்படியானால் கொழுப்புதான். ஆனால் நடுவில் சாம்பல் திட்டுகள் மிஞ்சின. ரேடியாலஜிஸ்ட் வந்து பார்த்துவிட்டு கான்ட்ராஸ்ட் (ரத்தம் அதிகம் பாயும் இடங்களை ஒளிரவைக்கும் ஊசி மருந்து) கொடுக்கச் சொன்னார். அப்புறமும் ஃபேட் சாட் போட்டே எடுத்தோம். இல்லாவிட்டால் வெள்ளைக்குள் வெள்ளை, ஒன்றும் தெரியாது. அந்தத் திட்டுகள் நன்றாக ஒளிர்ந்தன. வெறும் கொழுப்புக் கட்டி (லிப்போமா) அப்படி ஒளிராது. ஆஞ்சியோலிப்போமா என்றார்: கொழுப்பும் ரத்தக்குழாய்களும் கலந்த, புற்றில்லாத கட்டி. முதுகுத்தண்டுக் கட்டிகளில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வரும். ரத்தம் அதிகம் போகலாம் என்று அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தது இந்தப் படங்களால்தான். பயாப்ஸியும் அதையே சொன்னது. நான்கு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு நடந்தே வந்தார்.

முதலில் எடுத்த இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டில் இடுப்பு என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் இரண்டு காலும் தளர்ந்து யாராவது வந்தால், சீட்டில் என்ன இருந்தாலும், முழு முதுகுக்கும் ஒரு அவசரப் படம் எடுத்துவிடுகிறேன். இரண்டு நிமிடம்தான் ஆகும்.