புவேர்ட்டோ வியெஹோ நாட்குறிப்பு: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சான் ஹோசேயிலும் பசிபிக் கரையிலும் இப்போது தினமும் மதியத்துக்கு மேல் மழை கொட்டித் தீர்க்கிறது. கோஸ்டா ரிக்காவின் மழைக்காலம் உச்சத்துக்குப் போகிற நேரம். ஆனால் நாங்கள் இருக்கும் கரீபியன் கரைக்குக் கணக்கே வேறு. செப்டம்பரும் அக்டோபரும்தான் இங்கே வெயில் மாதங்கள். கடல் அடங்கிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். ஊர்க்காரர்கள் படகுக்கு வண்ணம் பூச ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கிருந்து கடலை ஒட்டி ஒரே ஒரு சாலை. கோக்லெஸ், புந்தா உவா தாண்டி 13 கிலோமீட்டரில் மன்சனியோவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் காடு, அதையும் தாண்டினால் பனாமா. எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள். தெருப்பெயரும் கதவு எண்ணும் புழக்கத்தில் இல்லை. எங்கள் முகவரி, பலசரக்குக் கடையிலிருந்து 200 மீட்டர் தெற்கே, கடல் பக்கம், பச்சைக் கேட். நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு என்று அர்த்தம், அளந்து பார்க்கக் கூடாது.

நாங்கள் இங்கே இருப்பது 2021ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ். வெளிநாட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வருடம் தங்க அனுமதி. தனி ஆளுக்கு மாதம் 3000 டாலர், குடும்பத்துக்கு 4000 டாலர் வருமானம் காட்ட வேண்டும். அந்த வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது. எனக்கும் இவருக்கும் கணினி வேலை, மகளுக்கு உள்ளூர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நாடு முழுக்கக் கறுப்பின மக்களின் நாள். காலையிலிருந்தே ஆப்பிரிக்கத் துணியில் தைத்த உடைகளில் பெண்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் வயது. இந்தக் கரையில் வயதான பெண்களைப் பெயருக்கு முன்னால் மிஸ் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் வெறும் மிஸ் என்றே கூப்பிடுகிறோம். பேரப்பிள்ளைகளோடு கிரியோல் ஆங்கிலம், கடையில் ஸ்பானிஷ், சர்ச்சில் பைபிள் ஆங்கிலம் என்று மூன்றும் அவருக்கு வரும்.

மிஸ்ஸின் கொள்ளுத்தாத்தா ஜமைக்காவிலிருந்து ரயில் பாதை போட வந்தவர். 1871ல் ஆரம்பித்த அந்த வேலை 1890ல்தான் முடிந்தது. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. பாதை முடிந்ததும் வந்தவர்கள் வாழைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1934ல் வாழைக் கம்பெனி பசிபிக் பக்கம் நகரத் திட்டமிட்டபோது, அங்கே கறுப்பர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். இதை மிஸ் குரலை உயர்த்தாமல் சொன்னார். கேட்ட எனக்குத்தான் கை நடுங்கியது.

ஞாயிறு என்றால் இந்தக் கரையில் ரைஸ் அண்ட் பீன்ஸ். இன்று கூடவே நின்று பார்த்தேன். இரவே ஊறவைத்த சிவப்புப் பயறு முக்கால் பதம் வெந்திருந்தது. முற்றின தேங்காயை மிஸ் தகரத் துருவியில் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தார். முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. பயறு வெந்த தண்ணீரோடு பாலைச் சேர்த்து, பூண்டு, வெங்காயம், தைம் தழை போட்டு அரிசியைக் கொட்டினார். மேலே காம்போடு ஒரே ஒரு பனாமா மிளகாய், முழுசாக. அது வெடிக்காமல் வேக வேண்டும். வாசனை இறங்கணும், காரம் இறங்கக் கூடாது. தண்ணீர் சுண்டும் நேரத்தில் கரண்டியால் மிளகாயை அலுங்காமல் தூக்கி எடுத்தார், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி.

அலமாரியில் கறிப்பொடி டப்பாவும் இருக்கிறது. 1845லிருந்து ஜமைக்காவுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்கள் கொண்டுபோன பழக்கம், அங்கிருந்து இவர்களோடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. குடிக்க வெல்லமும் இஞ்சியும் எலுமிச்சையும் கலந்த அகுவா தெ சாப்போ கொடுத்தார். மகள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ராமநவமி பானகம்" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. தோல் செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை. அரிசி டப்பாவை வெயிலில் வைத்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடல் தெளிந்துவிட்டது. பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு புந்தா உவா போனோம். கோக்லெஸில் குளிக்க விடுவதில்லை. அங்கே மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி பார்த்தும் இறங்கும் வெளியூர்க்காரர்களைக் காவலர்கள் விசில் ஊதியே களைத்துப்போகிறார்கள். மகளோடு படிக்கும் மீனவர் வீட்டுப் பையன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்: இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து, இழுப்பு விட்டதும் திரும்பு. ஸ்பானிஷில் அவள் பிழையில்லாமல் ஒப்பித்த முதல் பாடம் இதுதான்.

திரும்பும் வழியில் ஒருவர் ஈட்டியில் குத்தின சிங்கமீன்களைக் கத்தரிக்கோலால் சரிசெய்துகொண்டிருந்தார். முதலில் முதுகு முள், அப்புறம் வயிற்று முள், எல்லாம் விஷம். முள் போய்விட்டால் வெள்ளைச் சதை, நல்ல ருசி. இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும்தான் இந்த மீனின் பூர்வீகம். புளோரிடா பக்கம் கண்ணாடித் தொட்டிகளிலிருந்து கடலில் விடப்பட்டுப் பெருகி, 2009 வாக்கில் இந்தக் கரைக்கு வந்தது. பவளப்பாறையின் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. அதைத் தின்னும் மீன் இங்கே இல்லாததால், பிடித்துச் சாப்பிடுவதுதான் வழி என்று மீனவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோ வாங்கினேன். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போட்டு வறுத்ததில் மிஸ்ஸுக்கும் ஒரு தட்டு போனது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாளை சுதந்திர தினம். அதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஒரே நேரத்தில் தேசிய கீதம் பாடுவார்கள். அப்புறம் பிள்ளைகள் கையால் செய்த விளக்குகளோடு ஊர்வலம் போவார்கள். மகள் செருப்புப் பெட்டியை வெட்டி, ஜன்னலுக்குச் சிவப்பும் மஞ்சளும் கண்ணாடித்தாள் ஒட்டி, கால் வைத்த மரவீடு ஒன்று செய்திருந்தாள். தகரக் கூரைக்குச் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள். உள்ளே சின்ன பேட்டரி விளக்கு. டீச்சர்தான் கூடவே உட்கார்ந்து கால்களை நிமிர்த்திக் கொடுத்தாராம்.

ஆறு மணிக்கு சைக்கிள்கள் நின்றன, சமையல் நின்றது. மிஸ் வாசலுக்கு வந்து நின்று முழுப் பாட்டையும் பாடினார்.

1821 செப்டம்பர் 15ல் குவாத்தமாலாவில் விடுதலை அறிவித்தார்கள். அந்தச் செய்தி கோஸ்டா ரிக்காவுக்கு வந்து சேர அக்டோபர் 13 ஆகிவிட்டது. மிஸ் வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் அதிக காலம் பிடித்தது. அவருடைய அப்பா லிமோனில் பிறந்தவர், வேறு ஊரே பார்க்காதவர். ஆனாலும் 1948 உள்நாட்டுப் போர் முடிந்து அடுத்த வருடம் புது அரசியலமைப்பு வரும்வரை அவர் இந்த நாட்டின் குடிமகன் இல்லை. நடுத்தர வயதில்தான் முதல் ஓட்டுப் போட்டார். அதற்குத் தைத்த கோட்டை மிஸ் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 20, சனி

சனிக்கிழமைச் சந்தை. மலையிலிருந்து பிரிப்ரிப் பழங்குடிப் பெண்கள் கொக்கோ கொண்டுவருகிறார்கள். வறுத்து, கல்லில் அரைத்து, உருண்டையாக உருட்டி வாழை இலையில் மடித்தது. அவர்களுக்குக் குலம் அம்மா வழி. கொக்கோ மரம் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்தவள் என்பது நம்பிக்கை. அதனால் அதன் விறகை எரிப்பதில்லை, சடங்குக்கான பானத்தைப் பெண்கள்தான் தயாரிக்க வேண்டும்.

கொக்கோ பற்றிக் கேட்டால் மிஸ்ஸுக்குப் பேச்சு நிற்காது. இந்தக் கரையின் கறுப்பினக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் கொக்கோத் தோட்டம் இருந்தது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீட்டுக்குத் தகரம், எல்லாமே அதிலிருந்துதான். 1970களின் கடைசியில் மொனிலியா என்ற பூஞ்சை வந்தது. வெளியே நன்றாகத் தெரியும் காய், சில நாளில் வெள்ளை மாவு பூத்து உள்ளே அழுகிவிடும். சில வருடங்களில் விளைச்சல் மொத்தமாகப் படுத்துவிட்டது. சாலை நன்றாகி அலைச்சறுக்குக்காரர்கள் வர ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே காலம். கையில் காசில்லாதபோது நிலத்துக்கு விலை கேட்டு ஆள் வந்தால் என்ன செய்வார்கள்? இந்த ஊரில் வெளிநாட்டுப் பெயர்ப்பலகை தொங்கும் இடங்களைக் கடக்கும்போது எனக்கு இப்போது அந்த வெள்ளைப் பூஞ்சைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

செப்டம்பர் 27, சனி

கவீட்டா தேசியப் பூங்காவுக்கு நடை. மரத்தில் தேவாங்கு போல் சுருண்டிருந்த ஸ்லாத் ஒன்று, ஊளைக் குரங்குக் கூட்டம், முந்திரிக்கொட்டை பொறுக்கும் கேப்புச்சின் குரங்கு. ஆனால் எழுத உட்கார்ந்தது பவளப்பாறைக்காக.

1991 ஏப்ரல் 22, மாலை நான்கு மணியை ஒட்டி ஏழரைக்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம். லிமோன் பக்கம் கரை ஒன்றரை மீட்டர் வரை மேலே எழும்பிவிட்டது. இங்கே கடல் பின்வாங்கிய இடத்தில் பாறை வெளியே தெரிந்து, வெயிலில் வெளுத்துச் செத்ததை மிஸ் பார்த்திருக்கிறார். நாற்றம் பல நாள் போகவில்லையாம். சரிந்த மலைகளின் மண்ணும் வாழைத் தோட்டங்களின் மண்ணும் ஆறுகளில் வந்து மிச்சப் பவளத்தின் மேல் படிகின்றன.

ஊர் பக்கத்து நுழைவாயிலில் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதை உண்டியலில் போடலாம். 1994ல் வெளிநாட்டவர் கட்டணத்தை அரசு திடீரென 15 டாலராக உயர்த்தியபோது ஊர்மக்கள் வாயிலைக் கைப்பற்றினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஊரும் அரசும் சேர்ந்தே பூங்காவை நடத்துகின்றன. தாராளமாகப் போட்டோம். இந்த மாதிரி ஏற்பாடுதான் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 4, சனி

மகளின் டீச்சர் வீடு மாற்றுகிறார். டிசம்பரில் சுற்றுலாக் காலம் ஆரம்பிக்கிறது, அதனால் நவம்பருக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாத வாடகையை ஒரு வாரத்தில் டாலராக எடுத்துவிடலாம் என்பது வீட்டுக்காரர் கணக்கு. ஊருக்குள் எங்கும் கிடைக்கவில்லை. இனி ஓன் கிரீக்கிலிருந்து பஸ்ஸில் வரப்போகிறார்.

எங்கள் வீட்டிலும் முன்பு ஒரு நர்ஸ் குடும்பம் இருந்தது என்று மிஸ் சொன்னார். எங்களைக் குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. நானும் இவரும் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் சம்பளம் இந்த ஊர் வாடகையை ஏற்றுகிறது, அதற்கு வரியும் கட்டுவதில்லை. இதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டு மாடியறைக்குத் தனிப் படிக்கட்டு இருக்கிறது, நாங்கள் சாமான் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்காரரின் சம்மதம் வாங்கிக்கொண்டு, டீச்சர் இப்போது கொடுக்கும் வாடகைக்கே அவருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு.

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். டீச்சர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 11, சனி

மிஸ் வீட்டுப் பின்புறம் கடலைப் பார்த்த வாதாம் மரத்தடியில், பாதி மணலில் புதைந்த சிமெண்ட் கல் ஒன்று இருக்கிறது. மேலே எண் பொறித்தது. துணி காயப்போடும்போது பிள்ளைகள் அதன் மேல் உட்காருவார்கள். பொது நிலத்தின் எல்லைக்கல் அது என்று இன்றுதான் தெரிந்தது.

1977ல் வந்த கடற்கரைச் சட்டப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து முதல் 50 மீட்டர் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. அடுத்த 150 மீட்டர் நகராட்சியிடமிருந்து குத்தகை உரிமை பெற்றால்தான் செல்லும். ஐந்து வருடம் வசிக்காத வெளிநாட்டவருக்கும், பாதிக்கு மேல் வெளிநாட்டவர் பங்கு உள்ள நிறுவனத்துக்கும் அந்த உரிமை கிடையாது. நல்ல சட்டம்தான். கடலை மறைத்துச் சுவர் எழும்பாமல் இருப்பது இதனால்தான். ஆனால் இந்தக் கரையில் பனாமாவின் பொகாஸ் பக்கத்திலிருந்து வந்த ஆமை வேட்டைக்காரர்கள் 1828லேயே தென்னை வைத்துக் குடியேறிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வாய்வார்த்தையில் நிலத்தைக் கொடுத்து வாங்கினார்கள். பழைய குடிகளுக்குச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, அதற்கு எத்தனை வருடமாக இங்கே இருக்கிறோம் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும்.

மிஸ் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தார். ஞானஸ்நானச் சீட்டு, கொக்கோ விற்ற ரசீதுகள், பள்ளி நோட்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிய கிரயக் கடிதம். மாமரம் முதல் ஓடை வரை என்று எல்லை சொல்லி, கீழே இரண்டு கைநாட்டு. ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. ஈரம் படாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்கேன் செய்து, தேதி வாரியாக அடுக்கினேன். கடைசி மகன் பெயர் ஸ்பானிஷில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் பதிவாகியிருக்கிறது, அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். அதை டீச்சர் எழுதித் தருகிறேன் என்றார். திங்கட்கிழமை பெட்டி தூக்கிக்கொண்டு மாடிக்கு வருகிறார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மிஸ்ஸும் நானும் பிரிப்ரி ஊரில் இருக்கும் நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம்.