அரை மணி முன்னால்

மார்ச் 3, செவ்வாய்

வண்டிக் கடிகாரம் 4.10-இல் நிற்கிறது. எந்த நாளின் 4.10 என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா இன்று மூன்று முறை மணி கேட்டார், மூன்று முறையும் சொன்னேன். நாலாவது முறை அக்கா சொன்னாள், எழுந்து வெளியே போய்விட்டாள்.

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்து நேரே கார் பார்க். 1974 பென்ஸ் 200. மீட்டர் பெட்டியை வெளியே இழுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஸ்பீடோமீட்டர் கேபிள் வருவேனா என்றது. கடிகாரம் கீன்ஸ்லே கம்பெனி. கண்ணாடியைப் பிடித்திருக்கும் தகட்டு விளிம்பைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். அவசரப்பட்டால் நெளிந்துவிடும், அப்புறம் எப்படித் தட்டினாலும் பழைய வட்டம் வராது.

பேட்டரியில் ஓடும் கடிகாரம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை. ஓட்டுவது ஸ்பிரிங். பேட்டரி அதற்குச் சாவி மட்டும் கொடுக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்ததும் மின்சாரம் பாயும் இரண்டு பாயின்ட்டும் ஒட்டும், காந்தக் காயில் இழுக்கும், உள்ளே ஒரு கை துள்ளும். டக். மறுபடி ஓரிரு நிமிஷத்துக்கு ஓடும். சின்ன வயதில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே கேட்ட டக் அதுதான்.

நின்றதற்குக் காரணமும் தெரிந்தது. சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் பதிவு என்பதால் வருஷத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் பேட்டரி சும்மா இருந்தே இறங்குகிறது. வோல்ட் குறைந்தால் அந்தக் கையைத் தூக்கிப்போட காயிலுக்குத் தெம்பு இல்லை. பாயின்ட் ஒட்டியது ஒட்டியபடி, காயில் சூடாகிறது. அது கருகாமல் இருக்கத்தான் கொஞ்ச சூட்டிலேயே உருகிவிடும் ஈயப் பற்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது விட்டுப்போயிருக்கிறது. மிளகு அளவு.

மார்ச் 6, வெள்ளி

பற்றவைத்தேன். டக்.

போனில் பதிவு செய்து அப்பாவின் காதருகே வைத்தேன். கண்ணைத் திறக்காமலே "வண்டி" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

"அரை மணி முன்னால தள்ளிட்டியாடா?"

முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. 1981 டிசம்பர் 31 ராத்திரி. மலேசியா நேரத்தை மாற்றியது, சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது, பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு. என்னை மடியில் உட்காரவைத்து முள்ளைத் திருகச் சொன்னார். எனக்கு ஏழு வயது. வீட்டில் இருந்த மற்ற கடிகாரங்களை யார் மாற்றினார்கள் என்று ஞாபகம் இல்லை.

தள்ளிட்டேம்பா என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

கதவைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய வாசனை. என் முட்டாள்தனம்தான். வீட்டில் கிடந்த சாதாரண ஈயத்தால் பற்றவைத்திருந்தேன். அது உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும். பேட்டரி மறுபடி இறங்கியிருக்கிறது, பற்று கெட்டியாக நின்றது, காயில் போய்விட்டது. ஐம்பது வருஷம் காப்பாற்றிய ஒரு பொட்டு ஈயத்தை நான் சரி செய்தேனாம்.

மார்ச் 11

அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இனி குவார்ட்ஸ்தான். முன்பு என்றால் சுங்கை ரோட்டில் யாராவது தரையில் விரித்த பாயில் இன்னொரு கீன்ஸ்லே கிடந்திருக்கும். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடியாயிற்று. சிம் லிம் டவரில் ரெகுலேட்டர் வாங்கினேன்: வண்டியில் 12 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 14, குவார்ட்ஸுக்கு வேண்டியது ஒன்றரை. கடைக்கார அங்கிள் எதற்கு என்று கேட்டார். பழைய கார் கடிகாரம் என்றதும், "பேசாம கையில ஒண்ணு கட்டிக்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

உள்ளே இருப்பது ஒரு துளி படிகம். நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை இரண்டால் பதினைந்து தடவை வகுத்தால் சரியாக ஒன்று. அழகான கணக்குதான், மறுக்கவில்லை.

வார்டில் இன்று மணி கேட்கவே இல்லை.

மார்ச் 14, சனி

முள் பொருந்தவில்லை. பழைய முள்ளின் துளை பெரிது, புதிய தண்டு ஒல்லி. பித்தளைக் குழாயில் அரிசி நொய் அளவு துண்டு வெட்டி உள்ளே செருகினேன். மூன்று துண்டு தரையில் விழுந்து காணாமல் போயின. நிமிஷ முள்ளின் நுனியில் என் விரல் பட்டு வெள்ளை பெயிண்ட் உதிர்ந்தது. நகம் அளவுகூட இல்லை. ஆனால் அங்கேதான் கண் போகிறது.

பழைய இயந்திரத்தைக் குப்பையில் போடவில்லை. மைலோ டப்பாவில்.

மார்ச் 15, ஞாயிறு

ஓடுகிறது. நேற்று ராத்திரி வைத்தது, இன்று ராத்திரி வரை நொடி பிசகவில்லை. முன்னால் இருக்கும் திருகு இனி வெறும் அலங்காரம். நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வண்டிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லை.

மார்ச் 16

அக்கா அழைத்தாள். நாளை நாலு மணிக்கு டாக்டர் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 17, செவ்வாய்

45 நாளில் ஒன்று போகட்டும் என்று வண்டியிலேயே போனேன். 3.52-க்கு நிறுத்தினேன். வண்டிக் கடிகாரமும் 3.52.

அப்பா விழித்திருந்தார். "போடு" என்றார். போனில் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைப் போட்டேன். ஒரு டக். அடுத்தது வரும் முன்பே பதிவு முடிந்துவிடும், அவ்வளவுதான் எடுத்திருந்தேன். அவர் அடுத்ததற்குக் காத்திருந்தார்.

மறுபடி முதலிலிருந்து போட்டேன்.