பட்டாவுக்குத் தேய்வு போட்ட கதை

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் எடுத்துத் தென்பகுதிக்கு ஏற்றுகிற சின்ன வியாபாரம் எனக்கு. போன ஏப்ரல் தொடக்கத்தில் பழைய டிமோ பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று வாங்கினேன். வண்டி 22 லட்சத்து 50 ஆயிரம், பின்னுக்குக் கூடு அடிக்க ஒன்றரை லட்சம், ஆக மொத்தம் கிரயம் 24 லட்சம். லீசிங் வட்டியையும் இன்சூரன்சையும்கூட முதலில் கிரயத்தில் சேர்த்துவிட்டேன். அது பிழை, அவை அந்தந்த வருடச் செலவு.

மார்ச் 31இல் கணக்கு முடிக்க வேண்டும். அதில் வண்டியின் தேய்வையும், அதாவது கிரயத்தில் அந்த வருடத்துக்குரிய செலவுப் பங்கையும், எழுத வேண்டும். ஏ.எல். படித்த ஞாபகத்தில் நானே ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்தேன். 5 வருடம் ஓடும், கடைசியில் 4 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டால் நேர்கோட்டு முறையில், அதாவது சமபங்காக, வருடம் 4 லட்சம், அதில் சிக்கல் இல்லை. வருடா வருடம் மிஞ்சுகிற பெறுமதிக்கு ஒரே வீதம் போடுகிற குறைந்து செல் மீதி முறையில்தான் சறுக்கினேன். அந்தக் கடைசி 4 லட்சத்தை, அதாவது எச்சப் பெறுமதியை, கழித்துவிட்டு 20 லட்சத்துக்கு 30 வீதம் போட்டு 6 லட்சம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் அடித்துவிட்டேன்.

கணக்குப் பார்க்கிற அக்கா கொப்பியைப் பார்த்துச் சிரித்தா. "தம்பி, இதில எச்சப் பெறுமதியைக் கழிக்கிறேல்லை. முழு 24க்கும் போடும், அது தானா அங்க வந்து நிக்கும்." போட்டுப் பார்த்தேன்: 7,20,000, பிறகு 5,04,000, 3,52,800, 2,46,960, 1,72,872. மிச்சம் 4,03,368. உண்மையிலேயே வந்து நின்றது!

ஓடின கிலோமீற்றருக்கும் போடலாமாம். எச்சப் பெறுமதி போக 20 லட்சம், 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 10 ரூபா. முதல் வருடம் 52,000 ஓடியதால் 5,20,000. எங்கள் வண்டிக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் வெங்காயம் இல்லாத மாதங்களில் அது வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும். ஆனால் வருமான வரிக்கு இது ஒன்றும் எடுபடாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி சரக்கு வாகனத்துக்கு 5 வருடம், சமபங்கு, எச்சப் பெறுமதி கழிப்பதும் இல்லை, ஆக வருடம் 4,80,000. அதற்குத் தனி அட்டவணை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மச்சான், "2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வாகனமெல்லாம் விலை ஏறினது, நீ தேய்வு எழுதுறாய், விசரோ?" என்றான். சந்தை விலை ஏறினாலும் தேய்வு எழுதத்தான் வேண்டும் என்றா அக்கா. ஆனால் என் பக்கம் திரும்பி, "உன்ரையைவிட ஐஞ்சு வருசம் கூட ஓடின பட்டா இண்டைக்கு என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டா. விசாரித்தால் 9 லட்சத்துக்குக் குறைய ஒருவரும் சொல்லவில்லை. எச்சப் பெறுமதியை அடித்து 9 என்று திருத்தினேன். மிச்சம் 15 லட்சம், ஆகக் கிலோமீற்றருக்கு 7 ரூபா 50 சதம்.

இப்போது மீற்றர் வாசிப்பு எழுதுகிற கொப்பி ஒன்று ஸ்ரேறிங்குக்குக் கீழே நூலில் தொங்குகிறது.